இரண்டு ஊசி, 12 மணி நேரம்

மூன்றாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தது. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை. சாப்பாடு பிடிக்காமல் இருந்தது மசக்கையால்தான். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்த்திராவிட்டால் கடைசிவரை தெரிந்திருக்காது.

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ஈரல் என்றாலே காமாலை, காமாலை என்றாலே கீழாநெல்லி. அன்று சாயங்காலமே அத்தை வேலியோரம் பறித்துவந்து அரைத்து மோரில் கலக்கிவிட்டார். பாசத்தில் செய்தது, மறுக்கவும் மனசு வரவில்லை. நல்லவேளையாகக் கிராம சுகாதார செவிலியர் அக்கா வந்திருந்தார். "காமாலையே இல்லாத பொண்ணுக்கு எதுக்கும்மா? வயித்துல புள்ள இருக்கு, டாக்டரைக் கேக்காம எதையும் குடுக்காதீங்க" என்றார். கீழாநெல்லியை வைத்துச் சென்னையில் 1980களில் ஆராய்ச்சியே நடந்தது, ஆனால் அது இந்த வைரஸை விரட்டும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் உறுதியாகவில்லை என்று மெடிக்கல் ஆபீசர் பிறகு விளக்கினார்.

எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்ததையும் அக்காதான் மாற்றினார். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தம், தாம்பத்தியம், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று இந்த வழிகளில்தான் வரும். சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும் என்றார். அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னது எனக்கு எந்த மாத்திரையையும்விடப் பெரிய உதவி.

மெடிக்கல் ஆபீசர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடு எல்லாம் பார்த்தார்கள். வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்தில் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28ஆவது வாரத்திலிருந்து தாய்க்கு வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். எனக்கு அதற்கு மேலேயே இருந்தது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரியவர்களுக்கு இது தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றிக்கொண்டால் 10 பிள்ளைகளில் 9 பேருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். பிள்ளை விஷயத்தில் டாக்டர்கள் காட்டிய அவசரத்துக்கு இதுதான் காரணம்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு ஊசி போட வேண்டும். ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின். இரண்டும் 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி எல்லா அரசு மருத்துவமனையிலும் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் போடுவதுதான். இரண்டாவது ஊசி அப்படியில்லை. கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் ராத்திரி நேரத்தில் தேடி அலைய வேண்டியிருக்கும். ஏழாம் மாதத்திலேயே விசாரித்தேன். பக்கத்து மருத்துவமனையில் அது கையிருப்பில் இல்லை என்றார்கள். சரி, பிரசவமே பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று முடிவு செய்தோம். என் கார்டின் மேல்பக்கத்தில் அக்கா இதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். வலி வந்து உள்ளே போனதும் என் கணவர் அந்தக் கார்டை டியூட்டி நர்ஸ் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சுகப்பிரசவம். இந்த ஒன்றுக்காக ஆபரேஷன் தேவையில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். விடிவதற்குள் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று வார்டில் ஒரு அம்மா சந்தேகம் கிளப்பினார். தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் 6, 10, 14 வாரங்களில் வழக்கமான பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி. அதிலேயே ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்தும் இருக்கிறது. ஒரு வயதையொட்டிப் பாப்பாவுக்கு ரத்தம் பார்த்தோம். வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. அந்தத் தாளைப் பிரேம் போட்டு மாட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

என் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் டாக்டர் பார்த்துத்தான் நிறுத்தினார், நாமாக நிறுத்தக் கூடாது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொள்கிறேன். கணவருக்குத் தொற்று இல்லை. 0, 1, 6 மாதக் கணக்கில் அவர் ஊசி போட்டு முடித்துவிட்டார். எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொன்னேன். அண்ணனுக்கு இருக்கிறது, ஈரலும் கொஞ்சம் பாதித்திருக்கிறது. இப்போது அவரும் அதே மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார்.