பாரிஸ் போகுமுன் ஆப்பில் பிரெஞ்சு: எண்களைக் காதால் பழகுங்கள்

கையில் ஒரு மாதம்தான் என்றால் டுயோலிங்கோ என்ற மொழி கற்கும் ஆப்பை வரிசையாக முடிக்கப் பார்க்காதீர்கள். விலை, வழி, சாப்பாடு ஆகியவற்றுக்கான வாக்கியங்களை மட்டும் ஆன்கி என்ற மனப்பாட அட்டை ஆப்பில் ஒலியோடு அட்டைகளாக்கி, தினமும் 15 நிமிடம் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். மௌனமாகத் திரையைத் தட்டிப் பழகினால் நாக்கு வளையாது.

பெரும்பாலோர் தடுமாறுவது எண்களில்தான். 70 என்றால் அறுபது-பத்து, 80 என்றால் நான்கு-இருபது, 95 என்றால் நான்கு-இருபது-பதினைந்து! போதாததற்கு ஒலிகள் ஒட்டிக்கொள்ளும். 'த்ருவா' (மூன்று), 'எரோ' (யூரோ) என்று தனித்தனியே படித்தவருக்கு, மூன்று யூரோ கடைக்காரர் வாயில் 'த்ருவாஸெரோ' ஆகிவிடும். எனவே ஒவ்வோர் எண்ணையும் யூரோவோடு சேர்த்தே அட்டையில் போடுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' (வணக்கம்). அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. கூகுள் டிரான்ஸ்லேட்டில் பிரெஞ்சு மொழியை ஊரிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். நெட் இல்லாதபோதும் உதவும்.