செட்டிநாட்டிலிருந்து ஓபேராகப் போக நினைக்கும் பெண்களுக்கு: ஏ1 தேர்வும் வீட்டுக் கேள்விகளும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெண் ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கிய ஊர் இது; படிப்பு என்றால் எந்த வீட்டிலும் ஒரு மரியாதை உண்டு. "படித்துவிட்டு ஓபேராகப் போவேன், ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்பேன்" என்று அடுத்த வரியைச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் வீட்டில் சத்தம் கிளம்பும். நான் ஜெர்மன் மொழியின் முதல் நிலைத் தேர்வான ஏ1 எழுதி, விசா வாங்கி, போய் இருந்துவிட்டு வந்தவள். பயிற்சித் தாள்களும் இலக்கண வீடியோக்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நீ யார், எப்படி வளர்ந்தாய், எதற்கு வருகிறாய் என்ற கேள்வி தேர்வு அறையில் தொடங்கி விசா வரைக்கும் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கும். நம் பெண்கள் இலக்கணத்தைவிட இதில்தான் அதிகம் திணறுகிறார்கள்.

முதலில் விதிகள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது முடிந்திருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை இருக்கலாம். வாரம் 30 மணி நேரம், நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், அது போக மொழி வகுப்புக்கு 70 யூரோ. காப்பீடு குடும்பத்தின் செலவு. விமான டிக்கெட் பொதுவாக நம் செலவு. மாணவர் விசாவுக்குக் காட்டுவது போல, செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு இதற்குத் தேவையில்லை; நடுத்தரக் குடும்பங்கள் இந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். ஆனால் 280 யூரோவில் ஊருக்குப் பணம் அனுப்பிக் கடன் அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது சம்பளம் இல்லை, வேறு வேலை பார்க்கவும் அனுமதி இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக்கே போய்விடலாமே என்பது நம் வீடுகளில் வரும் முதல் யோசனை. எங்கள் மாமாவும் அதைத்தான் சொன்னார்: "ஃபிராங்க்ஃபர்ட்ல நம்ம பையன் இருக்கான், அவன் பிள்ளையைப் பாத்துக்கிட்டா நமக்கும் நிம்மதி." நடக்காது. உறவினர் வீட்டில் ஓபேராக இருக்க முடியாது. அந்த வீட்டில் ஜெர்மன் பேசப்பட வேண்டும். அது அவர்களுடைய தாய்மொழியாக இல்லாவிட்டால், குடும்பம் நம் நாட்டிலிருந்து போனதாக இருக்கக் கூடாது. தெரிந்த மனுசர் யாரும் இல்லாத வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதை வீட்டில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி, உண்மையான தடை. எங்கள் அப்பத்தா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை தூக்கியவர். விஷயம் காதில் விழுந்ததும், "நான் வளவு வீட்டுல தூக்கினது பத்தாதுன்னு நீ சீமைக்குப் போயித் தூக்கப் போறியாக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை வளக்குறதுக்குப் பரீட்சை வேற வைக்கிறாகளா?" என்று சிரித்தார். முதல் கேள்வியில் இருந்தது கிண்டல் இல்லை. பேத்தியைப் படிக்க வைத்ததே அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றுதான்.

விதிகளை வாசித்துக் காட்டி அப்பத்தாவைச் சமாதானப்படுத்த முடியவில்லை. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று அவரே கேட்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது. அந்த வீட்டில் அவர் சாப்பிட்டது இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படிப் பக்கம், எல்லாரும் எழுந்த பிறகு. ஓபேர் ஒப்பந்தப்படி நமக்குத் தனி அறை, குடும்பத்தோடு அதே மேசை, அதே சாப்பாடு. நம் வேலை பிள்ளைகளைச் சார்ந்தது, கூடவே லேசான வீட்டு வேலை. முழு வீட்டையும் கூட்டித் துடைப்பது அதில் வராது. அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மேசையில சேத்துக்கிட்டா சரி" என்றார். உங்கள் வீட்டில் கேட்கப்படும் கேள்வி வேறாக இருக்கலாம். அது என்னவென்று கண்டுபிடித்து, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாம் சுகம் என்று அளந்துவிடவும் வேண்டாம். ஓபேர் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிப் புகார்கள் வந்ததால் பிலிப்பைன்ஸ் அரசு 1998இல் தன் நாட்டுப் பெண்கள் ஐரோப்பாவுக்கு ஓபேராகப் போவதற்கே தடை போட்டது. அந்தத் தடை முழுதாக விலக 2012 ஆயிற்று. நார்வே 2024இல் இந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. மலிவான வீட்டு வேலையாக மாறிவிடுகிறது என்ற குற்றச்சாட்டுத்தான் காரணம். பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவர்களோடு இதையும் பேசுங்கள்.

இந்த வழக்கம் தொடங்கிய இடத்தில் யாரும் இதை இழிவாக நினைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதிப் பெண்கள் பள்ளி முடித்ததும் பிரெஞ்சு பேசும் பகுதியில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கி மொழி கற்று வருவது பழைய பழக்கம். பிறகு ஐரோப்பாவின் நடுத்தரக் குடும்பங்கள் மகள்களை நாடு விட்டு நாடு அனுப்பின. 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இதற்கென்று ஓர் ஐரோப்பிய உடன்படிக்கையே உருவானது. கிழக்கு ஐரோப்பா திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள், இப்போது இன்னும் தூரத்திலிருந்து வருகிறார்கள். என் மொழி வகுப்பில் ஜார்ஜியாவும் கொலம்பியாவும்தான் அதிகம். ஜார்ஜியாப் பெண்ணின் அம்மா பள்ளி ஆசிரியை. அவளையும் "திரும்பி வந்தால் கல்யாணம் எப்போது" என்று பாட்டி தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மிகவும் ஏழை வீட்டுப் பெண்கள் இதில் குறைவு. மொழி வகுப்புக்கும் டிக்கெட்டுக்கும் பணம் புரட்ட முடிகிற, ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் செலவு எட்டாத வீடுகளின் பெண்களே பெரும்பாலும். நம் நிலைமையும் அதுதானே.

நம் பக்கத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மீசை முளைக்காத பையனைக் கப்பலேற்றி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பிய மண் இது. கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளாக, அடுத்தாளாகி, கணக்கு படித்து, மூன்று வருடத் தவணை முடித்துத் திரும்பியவர்களின் கதை எத்தனை வீடுகளில் இருக்கிறது! தெரியாத ஊரில் அடுத்தவர் கூரையின் கீழ் இருந்து தொழிலும் பாஷையும் கற்பது நமக்குப் புதிதில்லை. அந்தக் கதையில் பெண்கள் ஊரிலேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எதிர்த்துப் பேசுவது அவர்களுக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

சரி, தேர்வுக்கு வருவோம். ஏ1 தேர்வில் கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் குழுவாகச் சுமார் 15. நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ். சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் எழுதுவதாக இருந்தால் காலைத் தேர்வுக்கு அன்றைக்குக் கிளம்பிப் போய்ச் சேர முடியாது. பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூருக்குப் போகவே மதியம் ஆகிவிடும். முதல் நாளே போய்விடுங்கள்.

கேட்டலில் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் இரண்டு முறை ஒலிக்கும். நடுப்பகுதி ஒரே முறைதான். ரயில் நிலையம், கடை அறிவிப்புகள் அதில் வரும். எண்களில் கவனம்: 21ஐ அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். விலை, நேரம், போன் நம்பர் மூன்றையும் காதால் கேட்டு எழுதிப் பழகுங்கள், கண்ணால் படித்துப் பயனில்லை. எழுதுதலில் ஒரு படிவமும் சுமார் 30 சொல்லில் ஒரு சிறு கடிதமும் வரும். கடிதத்துக்கு மூன்று குறிப்புகள் தருவார்கள். மூன்றையும் தொட வேண்டும், விளிப்பும் முடிப்பும் இருக்க வேண்டும். அழகாக எழுதப் போய் ஒரு குறிப்பை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும்.

பேசுதலில் முதலில் அறிமுகம்: பெயர், வயது, ஊர், மொழிகள், வேலை அல்லது படிப்பு, பொழுதுபோக்கு. உடனே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். அப்பா பெயரையும் சேர்த்தால் நம் பெயர்கள் நீளம், அதுவும் 'மீனாட்சி சுந்தரம்' மாதிரி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜெர்மனில் 'ஏ' என்று ஒலிப்பது ஆங்கிலத்தின் ஈ எழுத்து, 'ஈ' என்று ஒலிப்பது ஆங்கிலத்தின் ஐ எழுத்து. ஆங்கில வழியில் படித்த வாய் இந்த இடத்தில் கட்டாயம் சறுக்கும். ஜே யொட் ஆகிவிடும், வி ஃபௌ ஆகிவிடும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் சீட்டுகளில் கேள்வி கேட்க வேண்டும், ஒரு பொருளைக் கொடுக்கச் சொல்லி வேண்ட வேண்டும். பெரியவர்கள் முன்னால் குரலை இறக்கிப் பேசுவது நம் வளர்ப்பு. அந்த அறையில் அது தயக்கமாகத்தான் தெரியும். நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, காதில் விழும்படி பேசுங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அது குற்றமே இல்லை.

குடும்பத்துக்கு எழுதும் அறிமுகக் கடிதத்தில் எல்லாரும் எழுதுவது 'எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்'. அதைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்திருக்கும். நான் என் அண்ணன் மகனைப் பற்றி எழுதினேன்: காலையில் எழுப்புவது, பல் தேய்க்க அடம் பிடிப்பான் என்பது, மழை நாளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு விளையாட வைப்பது. வீடியோ அழைப்பில் அந்த வீட்டு அம்மா முதலில் கேட்டதே அந்தத் தரையைப் பற்றித்தான். சைக்கிள் ஓட்டுவீர்களா, நீந்துவீர்களா என்றும் கேட்பார்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போனதைச் சொல்லுங்கள். ஊருணியில் நீந்தத் தெரியும் என்றால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு அது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன், ஆனால் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பேன் என்றோ, கையால் தொடவும் முடியாது என்றோ, இருப்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

நம் வளர்ப்பில் உள்ள சில பழக்கங்களை இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஓடி ஓடி ஊட்டிவிடுவது அங்கே கிடையாது. சின்னப் பிள்ளையும் தானே சாப்பிடும், சிந்தும், போதும் என்றால் விட்டுவிடுவார்கள். இரவு ஏழு, ஏழரைக்குத் தன் அறையில் தனியாகப் படுக்கும். முதல் நாள் எனக்கு மனசே கேட்கவில்லை. லேசாக ஒரு தட்டு தட்டுவதுகூடக் கூடாது. வன்முறையில்லாமல் வளர்வது பிள்ளையின் உரிமை என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே அங்கே சட்டம். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்ததால் வந்த பொறுமை, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் சமாளிப்பது, கதை சொல்வது எல்லாம் அங்கே நன்றாகவே செல்லும்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஏன் ஜெர்மனி, ஏன் ஓபேர், முடித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். எளிய ஜெர்மனில், சொந்த வாக்கியத்தில் சொல்லுங்கள். ஏஜென்சி எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். லட்சக் கணக்கில் கேட்கும் ஏஜென்சி பக்கமே போக வேண்டாம், குடும்பம் தேட அவ்வளவு பணம் தேவைப்படாது. பின்னால் தொழிற்பயிற்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் பொதுவாக பி1, அதாவது ஏ1, ஏ2 தாண்டிய மூன்றாம் நிலை, கேட்பார்கள். அங்கே இருக்கும்போதே அந்த அளவுக்குப் படித்துவிடப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன், முன்பு அந்த வீட்டில் இருந்த ஓபேருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். வார அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் விலகுவதற்கான அறிவிப்புக் காலம் வழக்கமாக இரண்டு வாரம் என்று இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் விசா காலத்துக்குள் வேறு குடும்பத்துக்கு மாறலாம், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிளம்பும் முன்பே வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குடும்பம் மாறியதாக நீங்கள் போன் செய்யும் அன்று, என்னமோ நடந்துவிட்டது என்று ஊரே திரண்டுவிடும்.