கொதிக்க வச்சாலும் போகாத ஒண்ணு

எங்க அம்மாவுக்கு உலகத்துல எந்த தண்ணிக்கும் ஒரே வைத்தியம்தான், கொதிக்க வச்சு ஆறவச்சு குடி. இங்க சிங்கப்பூர் ஈசூன்ல பியூபி, அதாவது தேசிய தண்ணி வாரியத்தோட தண்ணியை குழாய்லேர்ந்து நேரா புடிச்சு குடிக்கலாம், ஆனாலும் அம்மா கெட்டில்ல சுட வைக்காம ஒரு கிளாஸ் குடிக்க மாட்டாங்க. சரி, அது அவங்க பழக்கம், யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா தங்கச்சி வீட்டுத் தண்ணியில காரீயம் கலந்திருக்கலாம்னு ஒரு பயம், அதுக்கு இந்த வைத்தியம் எடுபடாது, அதான் இதை எழுதுறேன்.

தங்கச்சி இருக்கறது அமெரிக்காவுல, ஒஹையோவுல ஒரு சின்ன டவுன். 1930கள்ல கட்டின வீடு, மாப்பிள்ளைக்கு புடிச்சுப்போய் வாங்கிட்டாரு, கைக்குழந்தை வேற. அந்த ஊர் தண்ணி ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு, உங்க வீட்டுக்கு வர்ற சர்வீஸ் பைப்பு என்ன மெட்டல்னு எங்ககிட்ட ரெக்கார்டு இல்ல, காரீயமா இருக்கலாம்னு. அவ போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டா. அடுத்த நிமிஷம் அம்மாவோட வாய்ஸ் மெசேஜ், என்னன்னு சொல்லணுமா!

காரீயம் கிருமி இல்லம்மா, உலோகம். கொதிக்க வச்சா தண்ணிதான் ஆவியாகி குறையும், காரீயம் அப்படியே தங்கிடும், கடைசியில கிடைக்கறது முன்னைவிட கெட்டியான தண்ணி. இன்னொன்னு, ஹீட்டர் சுடுதண்ணி குழாய்லேர்ந்து புடிச்சு சமைக்கற பழக்கம் அங்க நிறைய பேருக்கு இருக்கு, அதுவும் கூடாது, சுடுதண்ணியில காரீயம் இன்னும் சுலபமா கரையும். பால்பவுடர் கலக்கறதுக்கு கண்டிப்பா வேண்டாம், ஏன்னா பால்பவுடர் குடிக்கற குழந்தைக்கு சாப்பாடே அந்த தண்ணிதான், பெரியவங்களைவிட நாலஞ்சு மடங்கு அதிகமா குழந்தை உடம்பு காரீயத்தை இழுத்துக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூளை வளர்ற வயசு. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு சொல்றதுக்கு ஒரு அளவே கிடையாது.

பல பேருக்கு புரியாத இடம் இதுதான்: ஊர்ல தண்ணி நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா நம்ம வீட்டு குழாய்லயும் நல்லா இருக்கும்னு அர்த்தமில்ல. சுத்திகரிப்பு ஆலையை விட்டு கிளம்பும்போது தண்ணியில காரீயம் அனேகமா இருக்காது. அது சேர்றது கடைசி தூரத்துல, ரோட்டு மெயின் பைப்புலேர்ந்து வீட்டுக்குள்ள வர்ற சர்வீஸ் பைப்புல, ஜாயிண்டை ஒட்ட உருக்கி வைக்கற சால்டர்ல, பழைய பித்தளை குழாய்ல. அமெரிக்காவுல 1986ல தான் காரீய பைப்புக்கு தடை போட்டாங்க, அதுக்கு முன்னாடி புதைச்சதெல்லாம் பல ஊர்ல இன்னும் மண்ணுக்குள்ளதான் கிடக்கு.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஃப்ளிண்ட் ஊர் கதை ஞாபகம் இருக்கும். 2014 ஏப்ரல்ல செலவை குறைக்க டெட்ராய்ட் தண்ணியை விட்டுட்டு ஃப்ளிண்ட் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க, ஆனா பைப்பு அரிக்காம இருக்க சேர்க்கற பாஸ்பேட்டை சேர்க்கல. அந்த பாஸ்பேட்டு பைப்புக்குள்ள ஒரு படலமா ஒட்டிக்கிட்டு காரீயத்தை தண்ணி தொடாம வச்சிருக்கும், அது போச்சு, எல்லாம் கரைய ஆரம்பிச்சுது. எனக்கு ஆத்திரம் வர்ற இடம் எதுன்னா, அதே வருஷம் அக்டோபர்ல அங்க இருந்த கார் என்ஜின் ஃபேக்டரி பார்ட்ஸ் அரிக்குதுன்னு வேற தண்ணிக்கு மாறிடுச்சு, ஜனங்க மட்டும் இன்னும் ஒரு வருஷம் அதையே குடிச்சாங்க. இரும்புக்கு ஒத்துக்காத தண்ணி பிள்ளைங்களுக்கு போதும்னு விட்டுட்டாங்க!

பழைய வீடுன்னாதான் பிரச்சினைன்னும் இல்ல. 2015ல ஹாங்காங்ல காய் சிங் எஸ்டேட்டுன்னு நம்ம எச்டிபி மாதிரி கவர்மெண்ட் வீடுங்க, புத்தம்புது கட்டடம், பைப்பு ஜாயிண்டுல காரீயம் கலந்த சால்டர் போட்டுட்டாங்க, அப்புறம் தேடிப்பாத்தா இன்னும் பல எஸ்டேட்டுல அதே கதை. அதனால இங்க ரெனவேஷன் பண்றவங்க, நூறு வெள்ளி மிச்சமாகும்னு யாரையோ கூட்டிட்டு வந்து பைப்பு வேலை பாக்க விடாதீங்க, பியூபி லைசென்ஸ் இருக்கற பிளம்பரை கூப்பிடுங்க.

தங்கச்சியை வீடியோ கால்ல பேஸ்மெண்டுக்கு இறங்கச் சொன்னேன். சுவத்துலேர்ந்து மீட்டருக்கு வர்ற பைப்பு, மங்கலான சாம்பல் கலர். சாவியால லேசா சுரண்டச் சொன்னேன், வெள்ளி மாதிரி பளிச்சுனு ஒரு கோடு விழுந்துச்சு, மெத்துமெத்துனு சுரண்டுது, ஃப்ரிட்ஜ் காந்தத்தை வச்சா ஒட்டல. செம்புன்னா உள்ள செம்பு கலர் தெரியும், கால்வனைஸ்டு இரும்புன்னா காந்தம் கப்புனு புடிக்கும். இது ரெண்டும் இல்ல, அப்ப காரீயம்தான். அவ மூஞ்சி போன போக்கைப் பாத்து மாப்பிள்ளை கையிலேர்ந்து போனை வாங்கிட்டாரு.

அப்புறம் என்ன, அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஃபில்டர் வாங்கும்போது டப்பாவுல என்எஸ்எஃப் 53ன்னு தர முத்திரை போட்டு, லெட் (lead), அதாவது காரீயத்தை நீக்கும்னும் எழுதியிருக்கணும், 42ன்னு மட்டும் இருந்தா அது குளோரின் வாடைக்கும் ருசிக்கும்தான். கார்ட்ரிட்ஜை தேதிக்கு மாத்தணும். ராத்திரி பூரா பைப்புல தேங்கின தண்ணியிலதான் காரீயம் கூடுதலா ஊறியிருக்கும், அதனால காலையில யாராச்சும் குளிச்சு முடிச்சப்புறம் புடிச்சா நல்லது. குளிக்கறதுக்கு பயமில்ல, தோல் வழியா ஏறாது. குழாய் நுனியில இருக்கற சல்லடையை கழட்டி கழுவணும், துணுக்கு அங்க தங்கும். குழந்தைக்கு ரத்த டெஸ்ட், அதை டாக்டர்கிட்ட இவளே கேட்டு வாங்கணும். பைப்பு மாத்தறதா இருந்தா ரோட்டுப்பக்கம், வீட்டுப்பக்கம் ரெண்டையும் சேர்த்து மாத்தணும், பாதி மட்டும் வெட்டி ஒட்டினா அசைவுல காரீயம் உதிர்ந்து கொஞ்ச நாள் இன்னும் மோசமாகும். 2024ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ போட்ட புது விதிப்படி பெரும்பாலான ஊருங்க பத்து வருஷத்துல எல்லா காரீய பைப்பையும் எடுக்கணும், ஆனா இந்த சின்ன டவுன்ல அவ வீட்டு முறை எப்ப வரும்னு ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லல.

இதெல்லாம் பேசி முடிச்சுட்டு எனக்கு உறுத்தினது எங்க வீட்டு கிச்சன். இங்க குழாயைவிட பயப்பட வேண்டியது ரசம் வைக்கற ஈயச் சொம்புன்னு தோணுது. சுத்தமான வெள்ளீயம்னா சரி, ஆனா விலை குறைக்க காரீயத்தை கலந்து விக்கறவங்க இருக்காங்க, அதுல புளியை ஊத்தி சூடும் பண்றோம். பேப்பர்ல தேய்ச்சா கறுப்பு கோடு விழுந்தா காரீயம்னு சொல்வாங்க, கொஞ்சமா கலந்திருந்தா அந்த சோதனையில மாட்டாது. 2025ல அமெரிக்க உணவு மருந்து அமைப்பு எஃப்டிஏ, இண்டாலியம்ங்கற அலுமினியக் கலப்பு பாத்திரங்கள்ல சிலதுலேர்ந்து காரீயம் சாப்பாட்டுல இறங்குதுன்னு எச்சரிக்கை விட்டாங்க, தங்கச்சி ஊருக்கு போகும்போது அம்மா இங்க தேக்காவுல வாங்கி குடுத்ததும் ஒரு இண்டாலியம் கடாய்தான். அதை எடுத்து வைன்னு அவகிட்ட சொல்லிட்டேன். ஈயச் சொம்பை எடுத்து வைங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன், எவர்சில்வர்ல வச்சா அது ரசமாடான்னு கேட்டாங்க.