பத்மநாபபுரத்தில் தரையைப் பார்த்தவன்

காலாண்டு விடுமுறை விட்டதிலிருந்து எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் தக்கலை போய்விட்டோம். பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து பக்கம்தான். இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், விடுமுறை.

ஓட்டுக்கூரையைப் பார்த்ததும் மகன் முகம் சுருங்கிவிட்டது. "பெரிய வீடு மாதிரிதானப்பா இருக்கு?" வீடுதான். திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை ராஜாக்கள் குடியிருந்த மர வீடு. பூமுகம் என்கிற முகப்புக் கூடத்தில் நுழைகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து, மேலே மரத்தில் செதுக்கிய பூக்களையும் தொங்கும் குதிரை விளக்கையும் பார்க்கிறார்கள். எனக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கண் தரைக்குத்தான் போகும்.

கறுப்புத் தரை. வெறுங்காலில் நடந்தால் ஜில்லென்று இருக்கிறது. எங்கேயும் ஒரு ஜாயின்ட் கிடையாது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்று அங்கே நின்ற காவலர் சொன்னார். நவராத்திரி மண்டபத்தில் குனிந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்கு வைத்துப் பார்த்தேன். கல்தூண்கள் தலைகீழாகத் தெரிகின்றன, ஒரு இடத்திலும் நெளியவில்லை. ரசமட்டம், லேசர் எல்லாம் வைத்து நாங்கள் போடுகிற தரையிலேயே மூலையில் தண்ணீர் தேங்குகிறது. இதை எத்தனை பேர், எத்தனை நாள் தேய்த்தார்களோ! ராஜா பெயர் எழுதியிருக்கிறது, கொத்தனார் பெயர் இல்லை. "எந்திரிங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்று மனைவி தோளைத் தட்டினாள்.

நாங்கள் போன நேரம் அரண்மனைக் கோயில் சரஸ்வதி ஊரில் இல்லை. தலைநகரம் மாறிய பிறகு, நவராத்திரிக்கு அம்மனை ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோகிறார்கள். குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடவே போகிறார்கள். அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். அப்புறம் ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டாள். அந்தக் காலத்தில் மாடியும் கீழுமாக 2000 பேர் வரை சாப்பிடுவார்களாம். "பாத்திரம் யார் கழுவினது?" என்று கேட்டாள். காவலரிடம் பதில் இல்லை.

மதியத்துக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும். பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம். வழியெல்லாம் ரப்பர் தோட்டம், ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு சிரட்டை. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டி கட்டி, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வாய்க்கால் தண்ணீரைக் கடத்துகிறார்கள். 1966இல் கட்டியது. பக்கத்தில் நடைபாதை உண்டு. பாதி தூரம் போய்க் கீழே எட்டிப் பார்த்த மகன் என் சட்டையை விடவே இல்லை. இரண்டு பக்கமும் தென்னையும் வாழையும், அடியில் ஆறு கயிறு மாதிரி கிடக்கிறது. அம்மா பாலத்தில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கீழே கடையில் மட்டிப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது பத்து ரூபாய் குறைத்திருந்தாள், அதில் பாதிச் சீப்பு காலியாகியிருந்தது.