வாயு நின்ற பிறகு

எரிவாயுக் குழாய் பதிக்கும்போது ஊரே கூடும். அறிவிப்பு ஒட்டுவார்கள், வயலில் இறங்கி அளப்பார்கள், பயிர் இழப்பீடு பேசுவார்கள். அதே குழாய் முப்பது நாற்பது வருடம் ஓடி ஓய்ந்த பிறகு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு முனையிலும் வால்வை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். வாயு நின்றாலும் இரும்பு மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அந்த இரும்புக்காக நிலத்தின்மேல் வாங்கிய உரிமையும் கூடவே கிடக்கிறது.

அந்த உரிமை 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி வருவது. பட்டா மாறாது, நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்குச் சட்டம் சொல்லும் தொகை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்; பயிர்ச் சேதத்துக்குத் தனி. அதன்பின் குழாய் போகும் அந்த நிலப் பட்டையில் கட்டடம் எழுப்பக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. நெல் போடலாம், மணிலா போடலாம். பலா வைக்க முடியாது, முந்திரி வைக்க முடியாது. பண்ருட்டிப் பக்கத்து உழவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. பதிக்கும்போது ஆட்சேபணை சொல்ல 21 நாள் தருகிற அதே சட்டத்தில், குழாய் ஓய்ந்த பிறகு உழவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு அப்படியொரு படி இல்லை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் புதிதாக வரும் திட்டங்களைப் பார்த்து எழுதப்பட்டது. அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே ஓடும் எரிவாயுக் குழாயை நிறுவனம் தன் விருப்பப்படி கைவிட முடியாது. 1938ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டம், பிரிவு 7(பி) படி கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வும் உண்டு, மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. கனடாவில் 2015 முதல், கைவிடும் செலவுக்கான பணத்தைக் குழாய் ஓடும் காலத்திலேயே தனியாக ஒதுக்கிவைக்கச் செய்கிறார்கள். குழாய் ஓய்ந்த பிறகு அதற்கு வருமானம் இல்லை என்பதால் இந்த ஏற்பாடு மிகச் சரியானது. நம் ஊரிலும் இது வர வேண்டும்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இங்கே ஒரு கருத்துக் கேட்பை முறையாக நடத்தத் தடை எதுவும் இல்லை. அதற்கான அச்சு அந்த 2006 அறிவிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது: 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ், தமிழில் அறிக்கைச் சுருக்கம், ஆட்சியர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமை, வீடியோப் பதிவு, பேசியவை எல்லாவற்றையும் கூட்டம் கலையுமுன் தமிழில் வாசித்துக் காட்டுவது. கடலூர்–புதுச்சேரி எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. பாகூர்ப் பக்கம் சில கிலோமீட்டருக்குள்ளேயே குழாய் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குள் போய் மறுபடி வெளியே வரக்கூடும். இந்தப் பக்கம் மாசு கட்டுப்பாட்டு வாரியம், அந்தப் பக்கம் மாசு கட்டுப்பாட்டுக் குழுமம். இங்கே ஊராட்சி, அங்கே கொம்யூன் பஞ்சாயத்து. ஒரே கூட்டத்தில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் செல்லாமல் போகும். இரண்டு கூட்டம் வைப்பதே சரி.

கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "எடுக்கப் போறீங்களா, விடப் போறீங்களா?" என்பது; அதாவது குழாயைத் தோண்டி எடுப்பதா, மண்ணுக்குள்ளேயே விடுவதா. மொத்தக் குழாய்க்கும் ஒரே பதில் சொல்ல வருகிற நிறுவனம் ஆய்வு செய்யவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். வயலில் ஒரு பதில், ஏரிக்கரையில் ஒரு பதில், ரயில் பாதைக்கு அடியில் வேறொரு பதில். ஒவ்வொரு துண்டாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எடுத்தாலும் விட்டாலும் முதல் வேலை காலி செய்வது. கணக்குக்கு 18 அங்குலக் குழாயை எடுத்துக்கொள்வோம்: வெளி விட்டம் 457 மில்லிமீட்டர், தடிமன் 7.1 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டரின் உள்கொள்ளளவு சுமார் 154 கன மீட்டர். 10 கிலோமீட்டர் துண்டு 30 பார் அழுத்தத்தில் இருந்தால் உள்ளே ஏறக்குறைய 46,000 கன மீட்டர் வாயு, அதாவது 32 டன் மீத்தேன். வென்ட் வால்வைத் திறந்து வானத்தில் விட்டால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 900 டன் கார்பன் டைஆக்சைடு விட்டதற்குச் சமம். நடமாடும் கம்ப்ரசர் வைத்து அடுத்த குழாய்க்குத் தள்ளி அழுத்தத்தை 3 பாருக்கு இறக்கினால் பத்தில் ஒன்பது பங்கு தப்பிக்கும். மிச்சத்தை ஃபிளேர் என்னும் சுடர்க் குழலில் எரிக்கலாம். அறிக்கையில் "வாயு பாதுகாப்பாக வெளியேற்றப்படும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால், எப்படி, எத்தனை டன் என்று கூட்டத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே கம்ப்ரசரை வரவழைக்கும்.

அடுத்து பிக் விடுவது, அதாவது குழாய்க்குள் தள்ளி உட்புறத்தைச் சுத்தம் செய்யும் அடைப்பானை அனுப்புவது. குழாயின் தாழ்வான இடங்களில் நீரும், வாயுவிலிருந்து திரவமாகப் பிரிந்த கண்டென்சேட் எண்ணெயும் தேங்கிக் கிடக்கும். ஈரமான வாயு ஓடினால் அந்தத் தேக்கம் உள்ளிருந்து இரும்பை எப்படி அரிக்கும் என்பதை 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் நடந்த விபத்து காட்டியது. அங்கே வெடித்ததும் 18 அங்குலக் குழாய்தான். பழைய குழாய்களில் பிக் ஏவும் அறை இருக்காது, வளைவுகள் இறுக்கமாக இருக்கும், நடுவில் முழுத் துளை இல்லாத வால்வு இருக்கும். பிக் அங்கே சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் மென்மையான ஃபோம் பிக் ஒன்றை அனுப்பி வழி பார்த்துவிட்டு, பிறகுதான் பிரஷ் பிக். வெளியே வரும் கறுப்புத் தூளில் இரும்பு சல்ஃபைடு இருக்கலாம். அது உலர்ந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். நனைத்தபடியே டிரம்மில் அடைத்து அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டுப் போவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

பிறகு, மிச்சமிருக்கும் மீத்தேனைத் தள்ளி வெளியேற்ற, எரியாத வாயுவான நைட்ரஜன். 10 கிலோமீட்டருக்குக் கொள்ளளவு 1,540 கன மீட்டர். ஒன்றரை மடங்கு தள்ளிக் கழுவவும், கடைசியில் 1 பார் அழுத்தத்தில் நிரப்பி வைக்கவும் சேர்த்து சுமார் 3,900 கன மீட்டர் வேண்டும். திரவமாக டேங்கரில் வந்தால் அது ஏறக்குறைய 5,600 லிட்டர். ஆவியாகிப் போவதையும் கணக்கில் வைத்து 7,000 லிட்டர் சொல்லிவைப்பது நல்லது. தவறு நேருவது அளக்கும் இடத்தில். கேட்டலிட்டிக் வகை வாயு அளவி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் அதை நீட்டினால் மீத்தேன் இருந்தாலும் குறைத்தே காட்டும். அதை நம்பி வெட்டினால் ஆபத்து. இன்ஃப்ராரெட் அளவியால் கன அளவுச் சதவீதமாகப் பார்க்க வேண்டும். குழிக்குள் இறங்குபவர் இடுப்பில் ஆக்சிஜன் மீட்டர் இருக்க வேண்டும், 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே ஏறிவிட வேண்டும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறுவதுகூட உடனே தெரியாது.

வெட்டும் நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். துருவைத் தடுக்கக் குழாய்க்கு மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபையரை அணைத்தாயிற்று. ஆனாலும் பக்கத்துக் குழாயோடு பிணைத்த கேபிள் வழியாக மின்னோட்டம் இருக்கலாம். வெட்டுமிடத்தின் இரு பக்கமும் குழாயைச் சுரண்டி, தடித்த செம்புக் கேபிள் ஒன்றால் பாலம் போட்ட பிறகுதான் கட்டர் சுற்ற வேண்டும். இல்லையென்றால் குழாய் பிரியும் அந்த நொடியில் பொறி பறக்கும். கேபிள் எங்கே என்று கேட்டால், "வண்டியில இருக்கு சார், எடுத்துட்டு வர்றேன்" என்று பதில் வரும். அது வந்து மாட்டும் வரை கட்டரைத் தொடக் கூடாது. இரு முனையிலும் மூடி வைத்து வெல்டிங் செய்த பிறகு, பக்கத்துக் குழாயோடு இருந்த பிணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் செத்த குழாய் உயிருள்ள குழாயின் பாதுகாப்பு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இனி, மண்ணுக்குள் விடும் குழாய். பாதுகாப்பு மின்சாரம் நின்ற பிறகு அங்கங்கே ஊசித்துளை விழும். குழாய் நசுங்கிப் போக இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அது துளையுள்ள ஒரு வெற்றுக் குழல். ஏரிக்கரையை ஊடுருவிப் போனால் ஏரித் தண்ணீரைத் தாழ்ந்த வயலுக்கு இழுக்கும், கூடவே கரை மண்ணையும் கரைத்து இழுக்கும். கரைக்குள் பொந்து விழுவது வெளியே தெரியாது. ஒருநாள் மழையில் கரை உள்வாங்கும்போதுதான் தெரியும். உப்பனாறு போன்ற உப்பங்கழியைக் கடந்தால் வேறு கவலை. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கும் காலத்தில், உப்பு நீர் அந்தக் குழலுக்குள் நுழைந்தால் உள்நாட்டுப் பக்கம் போக வழி கிடைத்துவிடுகிறது. அதனால்தான் ஏரிக்கரை, கழி, ஆறு எதுவானாலும் இரு பக்கமும் வெட்டி அடைப்பு வைத்துத் துண்டு துண்டாக விட வேண்டும்.

நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் கிடப்பதை நிரப்பியே ஆக வேண்டும். 40 மீட்டர் நீளத்துக்கு 6.2 கன மீட்டர் கிரவுட் (சிமென்ட் குழம்பு), ஒரு மிக்சர் லாரிக்குக் கொஞ்சம் கூடுதல். தாழ்ந்த முனையிலிருந்து ஏற்றி, உயர்ந்த முனையின் காற்றுத் துளையில் கெட்டியாக வெளிவரும் வரை தள்ள வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்றுப் பை நின்றுவிடும், ரசீதில் மட்டும் முழுக் கொள்ளளவு இருக்கும். வெளியே கேசிங் என்னும் பெரிய உறைக் குழாய் இருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தையும் நிரப்ப வேண்டும்.

ஆற்றில் வெள்ளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த 18 அங்குலக் குழாய் மீட்டருக்கு 79 கிலோ எடை. தண்ணீரில் மூழ்கினால் 164 கிலோ நீரை விலக்கும். ஆக மீட்டருக்கு 85 கிலோ மேல்நோக்கித் தூக்குகிறது. மேலே மண்ணும் கான்கிரீட் உறையும் இருக்கும் வரை கவலையில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது தென்பெண்ணை என்ன செய்தது என்று கரையோர ஊர்களுக்குத் தெரியும். அப்படியொரு வெள்ளம் படுகையை அரித்தால் மேலே மூடியிருக்கும் மண் ஒரே இரவில் போய்விடும். ஓடும் குழாய் என்றால் மறுநாள் ரோந்து வந்து பார்ப்பார்கள். ஓய்ந்த குழாய்க்கு யார் வருவார்? ஆற்றடியில் விடுவதானால், ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் குழாய்க்கு மேலுள்ள மண்ணின் ஆழத்தை அளக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பது அறிக்கையில் எழுத்தாக இருக்க வேண்டும்.

எடுப்பது எப்போதும் நல்லது என்ற எண்ணமும் தவறு. ஒரு கிலோமீட்டர் குழாயை உருவினால் சுமார் 79 டன் இரும்பு கிடைக்கிறது. அந்தப் பழைய இரும்பு விலைக்காக, எடுக்க எளிதான வயல் பகுதியைத் தோண்டுவதும், எடுக்கச் சிரமமான கழியில் விட்டுவிடுவதும் நடக்கலாம். நெல் வயலில் சேற்றுழவால் உருவான இறுகிய அடித்தட்டுதான் தண்ணீரை நிறுத்துகிறது. அதைக் குறுக்கே வெட்டினால் அந்த வரிசையில் தண்ணீர் நிற்காது. குழாய் வெளியேறிய வெற்றிடத்துக்குக் கிலோமீட்டருக்கு 164 கன மீட்டர் மண் வேண்டும், நம் கணக்கில் 58 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). களிமண் வயலில் சவுடு கொட்டி மூடினால் அது வடிகாலாக மாறும். மேல்மண்ணைத் தனியே, அடிமண்ணைத் தனியே குவித்து, 20 சென்டிமீட்டர் அடுக்காக இடித்து மூட வேண்டும். சம்பா அறுவடைக்குப் பிறகு, பிப்ரவரி முதல் மே வரைதான் வேலைக்கு ஏற்ற காலம். முதல் மழையில் மண் எப்படியும் அமுங்கும். திரும்ப வந்து நிரப்பும் கடமையை ஒப்பந்தத்தில் சேர்க்காவிட்டால் ஒப்பந்ததாரர் திரும்பி வருவதில்லை.

இவ்வளவையும் துண்டு துண்டாக முடிவு செய்யத் தேவையான தகவலில் பாதி எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு வரும் அறிக்கையில் "செயினேஜ் 42.300 முதல் 42.850 வரை" என்று இருக்கும். செயினேஜ் என்பது குழாயின் தொடக்கத்திலிருந்து அளந்த கிலோமீட்டர் தூரம். உழவருக்கு அந்த எண் தெரியாது. சர்வே எண் தெரியும், அதைவிட நன்றாக "அய்யனார் கோயிலுக்கு மேற்கே மூணாவது மடை" தெரியும். செயினேஜ், சர்வே எண், ஊர்ப்பெயர் மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, மாவட்ட அலுவலகத்தில் மட்டுமல்லாமல் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டினால் கூட்டத்தின் பேச்சே மாறும். "தம்பி, அந்த மடைக்குக் கீழ வருசா வருசம் மண்ணு உள்வாங்குது, நாங்கதான் அடைக்கிறோம்" என்று ஒரு பெரியவர் சொல்வது, அடைப்பு எங்கே வைக்க வேண்டும் என்பதற்கான நேரடிக் குறிப்பு. அதை "பொதுமக்கள் அச்சம் தெரிவித்தனர்" என்று பதிவேட்டில் சுருக்குவது அந்தத் தகவலைக் குப்பையில் போடுவதற்குச் சமம். சொன்னவர் பெயர், சர்வே எண், சொன்ன விஷயம், அதற்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையாக எழுத வேண்டும். மேடையில் பேசத் தயங்குபவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கிராம சபையிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதையே மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் இரண்டு. எடுத்த பட்டையிலாவது பயன்படுத்தும் உரிமையை விலக்கிக்கொண்டதற்கான ஆணை. அது கையில் வந்தால்தான் அங்கே கிணறு வெட்டலாம், பலா நடலாம். விட்ட பட்டையில், எந்த ஆழத்தில் எந்தத் துண்டு காலியாக, எது கிரவுட்டோடு கிடக்கிறது என்ற கடைசி வரைபடம். அதன் ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்க வேண்டும். வரப்போரம் நிற்கும் மஞ்சள் குறியீட்டுக் கல்லைப் பிடுங்கிவிட வேண்டாம். "கைவிடப்பட்ட குழாய்" என்றும், இப்போது யாராவது எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும் அதில் மாற்றி எழுதினால் போதும். இருபது வருடம் கழித்து அந்த வயலில் போர் போட வரும் லாரிக்காரர் முதலில் பார்க்கப் போவது அந்தக் கல்லைத்தான்.