280 வெள்ளிக்குப் பிறகு அகப்பட்ட அறுந்த ஒயர்

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா கடைகளுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் 10 அடி லாரிக்கு வயது 13. பத்து ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனம் என்பதால் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. பரிசோதனைக்கு எட்டு நாள் இருந்தபோது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியது.

வழக்கமாகப் போகும் பட்டறையில், எஞ்சின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு என்று அளக்கும் வெப்பநிலை சென்சர் போய்விட்டது என்றார்கள். என்ன பிழைக்குறி வந்தது என்று கேட்டதற்கு, அழித்தாயிற்று, இனி எதற்கு என்றார் பொறுப்பாளர். சென்சருக்கும் கூலிக்குமாக 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். நான் கிளம்பும்போது அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவர், "பழசை வச்சுக்கங்கண்ணே" என்று கழற்றிய சென்சரைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். அந்த ஒரு உதவிக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே விளக்கு மீண்டும் எரிந்தது. புகை அளவில் லாரி தேறவில்லை. அரைநாள் வியாபாரம் போனதோடு மறுபரிசோதனைக்குத் தனியாகக் கட்டணமும் கட்ட வேண்டியதாயிற்று. குறியை எழுதி வைக்காமல் அழித்துவிட்டார்களே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்று மாலையே மின்னணுச் சாமான்கள் விற்கும் சிம் லிம் டவருக்குப் போய், வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரும் வெப்பத்தில் சுருங்கும் குழாயும் வாங்கினேன். ஸ்கேனரை நண்பரிடம் இரவல் பெற்றேன். பெரிய லாரிகள் பலவற்றில் மின்சாரம் 24 வோல்ட் என்பதால், 12 வோல்ட் கார்களுக்கென விற்கும் மலிவான ஸ்கேனரை அவற்றில் செருகினால் அது கருகிவிடக்கூடும். என் லாரி 12 வோல்ட் என்று உறுதி செய்துகொண்ட பிறகே செருகினேன். பி 0118 என்ற குறி வந்தது. ஓடி வந்து நின்ற எஞ்சின் சூட்டில் கை வைக்க முடியவில்லை. திரையிலோ கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று இருந்தது.

அந்த எண்ணைக் கண்டதும் விஷயம் பாதி புரிந்துவிட்டது. இந்தச் சென்சர் சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகை. எஞ்சின் கணினி 5 வோல்ட் அனுப்பி, சென்சரின் தடையால் அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடுகிறது. ஒயர் எங்காவது அறுந்தால் வோல்ட் இறங்குவதே இல்லை. கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு டீசலைக் கூடுதலாக விடுகிறது. சூடான எஞ்சினிலும் க்ளோ விளக்கு (கிளப்பும் முன் டீசல் எஞ்சின் சூடேற்றப்படுவதைக் காட்டும் விளக்கு) நெடுநேரம் எரிந்ததற்கும் கரும்புகைக்கும் காரணம் இதுதான். பி 0118 என்ற குறி, சென்சரின் மின்சுற்றில் வோல்ட் மிகுந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. சென்சரை மாற்று என்று சொல்லவில்லை.

கேபினைச் சாய்த்து, தாங்கு கம்பி பூட்டியிருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, சென்சரின் சாக்கெட்டைக் கழற்றி அதன் இரு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தேன். சுற்று நன்றாக இருந்தால் திரையில் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் தாவியிருக்க வேண்டும். மைனஸ் 40 அசையவே இல்லை. இரண்டே ஒயர் உள்ள வெப்பநிலைச் சென்சருக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும். மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சரில் இதைச் செய்யவே கூடாது.

பிறகு ஒயரை விரல் விரலாகப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே போனேன். சாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்புப் பட்டையில் உரசிய இடத்தில், ஒயர் ரப்பரைப் போல நீண்டது. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெளியே ஒரு சிறு வெடிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. சென்சரை மாற்றியபோது ஒயர் அசைந்து தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதால்தான் விளக்கு சில நாள் அணைந்திருந்தது என்று நினைக்கிறேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்வரை இரு பக்கமும் வெட்டி, புதுத்துண்டு ஒன்றைப் பற்றவைத்து, குழாயைச் சுருக்கி மூடி, பட்டையில் உரசாதபடி ஒயரை வேறு பக்கமாகக் கட்டினேன். சாவியைத் திருப்பியதும் திரையில் 64 டிகிரி வந்தது. எஞ்சின் ஓட ஓட அது படிப்படியாக ஏறி எண்பதுகளில் நின்றது. அப்போது வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது.

வீட்டுக்கு வந்ததும் பழைய சென்சரை மல்டிமீட்டரில் பொருத்தி, முனைகள் நனையாமல் வெந்நீர்க் கோப்பையில் பிடித்தேன். அறைச்சூட்டில் 1,700 ஓம் அளவில் இருந்தது, நீரின் சூட்டில் 300 ஓம் அருகே இறங்கியது. அதில் பழுதே இல்லை. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். குறியை அழிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவு நிதானமும் மஞ்சள் விளக்குக்கு மட்டும்தான். ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

மறுபரிசோதனையில் லாரி தேறியது. சாலை வரியையும் அன்றே கட்டிவிட்டேன். பழைய சென்சர், அளந்த ஓம் கணக்கை எழுதி ஒட்டிய தாளோடு, லாரியின் முன்பெட்டியில் மாற்றுப் பாகமாக இருக்கிறது.