டக் பிரித்தால் மூன்று அங்குலம்

ஜூன் 8, சனி

பழைய பட்டு வாங்கும் கடைக்குப் போனேன். அங்கே ஜரிகைக்குத்தான் மதிப்பு. எரித்து உருக்கினால் வெள்ளி தேறும், துணிக்குக் காசு கிடையாது. உருக்கப் போகும் மூட்டையில் ஒரு காஞ்சிபுரம் பாவாடை கிடந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. "இடுப்புல கிழிசல்மா, உதவாது" என்றார் கடைக்காரர். கரையோரம் பிரிந்திருந்த ஜரிகை இழையை நகத்தால் நெருடினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல். அசல் ஜரிகைதான். உள்பக்கம் திருப்பினால் உடலும் கரையும் இழைக்கு இழை பின்னிய கோர்வை. உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு இழையை ஓட்டும் தறிக் கருவி), கரைக்கு ஒரு நாடா, தறியில் உதவிக்கு இன்னொரு ஆள் என்று நெய்தது. இதை நெருப்பில் போட மனசு வருமா? வாங்கிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே 2 அங்குலம்தான் நைந்திருக்கிறது. மற்றபடி உடல் கெட்டி. பெட்டியில் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். இது தப்பித்திருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று முழுக்கப் பிரிப்பு வேலை. வளரும் பெண்ணுக்கு என்று அந்தக் காலத்தில் நீளமாகவே எடுத்து, கரைக்கு மேலே டக், அதாவது மடிப்பு, பிடித்துத் தைப்பார்கள். பெண் உயர உயர ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். இதில் இரண்டு டக் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே வரிசையாக ஊசித் துளைகள், யாரோ ஒரு அம்மா ஏற்கெனவே ஒன்றைப் பிரித்துவிட்டிருக்கிறார். ஒன்றரை அங்குல டக்கைப் பிரித்தால் 3 அங்குலம் இறங்கும். 31 அங்குலப் பாவாடை 37 ஆனது. டக்குக்குள் வெயிலே படாத அரக்கு, கண்ணைப் பறிக்கிற நிறம்.

ஓரத்தை ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தேன், சாயம் விடவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி, நிழலில் போட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மாடி வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்குத்தான் இது. உடுத்திப் பார்த்தாள். "அக்கா, டக் பிரிச்ச அந்த ரெண்டு பட்டையும் பளிச்சுனு தெரியுதே, லேஸ் வெச்சு மறைச்சிடலாமா?" வேண்டாம் என்றேன். இப்போது கடையில் கிடைக்கும் லேஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர் மேல் பூச்சு. அசல் ஜரிகை பக்கத்தில் அது ஒட்டாது. விறைப்பு வேறு, பழைய பட்டுத் துணியை இழுக்கும். கண்ணாடி முன்னால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "இருக்கட்டும்க்கா, இதுவும் டிசைன் மாதிரிதான் இருக்கு" என்றாள். எனக்கு அப்படியொரு நிம்மதி.

ஜூன் 16, ஞாயிறு

நைந்த 2 அங்குலத்தை வெட்டவில்லை, உள்ளே மடித்தேன். மேலே 5 அங்குலத்துக்குப் பருத்தியில் யோக், அதாவது இடுப்பைச் சுற்றி வரும் தனித் துணி. மொத்தம் 40 அங்குலம், அவள் உயரத்துக்குச் சரி. உட்கார்ந்து எழும்போது வரும் இழுப்பு முழுக்கப் பருத்தி மேல் விழும், பட்டு சும்மா தொங்கினால் போதும். 11ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல், பருத்தி நூல். இந்த இடத்தில் பாலியெஸ்டர் நூல் போடவே கூடாது. இழுப்பு வந்தால் நூல் அறுந்து போகட்டும், திரும்பத் தைத்துக்கொள்ளலாம். நூல் கெட்டியாக இருந்தால் அது பட்டை அறுத்துவிடும். இன்னொருத்தி நாளைக்குப் பிரித்தாலும் துணி முழுசாக வரும்.

சட்டைக்குக் கைத்தறிப் பருத்தியில் அடர் பச்சை தேட வேண்டும். புதுப் பட்டு வைத்தால் இந்த அரக்கு மங்கித் தெரியும்.